சிப்பிக்கு அவகாசம் இருந்தது

எங்கள் ஊர்ப் பெயரில் பூமிக்கு அடியில் ஒரு மண்ணடுக்கு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்காலில் நல்ல தண்ணீர் தேடி ஆழமாகக் குழாய் இறக்கினார்கள். தண்ணீரோடு சிப்பி வந்தது, சங்கு வந்தது. அள்ளிக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். காலத்தைக் கணக்குப் போட்டு, பிளையோசீன் என்றார்கள். மனிதன் இன்னும் மனிதனாகாத காலம். பூமி இன்றைக்கு இருப்பதைவிடச் சூடாக இருந்த காலம். துருவங்களில் பனி குறைவு. கடல் ஒரு பனைமர உயரம் மேலே. காரைக்கால் அப்போது கரையே இல்லை, கடலின் தரை.

இதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் காலுக்குக் கீழே ஒரு பழைய வெயில் படுத்திருக்கிறது தெரியுமா என்பேன். பாதிப் பேர் இடம் மாறி உட்காருவார்கள். போன ஆனி மாதத்துக்குப் பிறகு சொல்வதில்லை. பிளையோசீன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் என் தம்பி.

அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி.

எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் கீழவாஞ்சூர் பக்கம். நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அத்தான் போன பிறகு அவள் ஒருத்தியாகவே விவசாயம் பார்க்கிறாள். பிள்ளைகள் வெளியூரில். கடைமடை நிலம் அது. மேலே அணை திறந்தால் எல்லா ஊரும் குடித்து மிச்சம்தான் அங்கே வரும், அதுவும் வந்தால். அதனால் ஒரு பழைய போர்க் கிணறு வைத்திருந்தாள், ஆழமில்லாதது. போன கோடையில் அது உப்புக் கக்க ஆரம்பித்தது. நாற்றங்காலில் பயிரின் நுனி செம்பட்டை முடி மாதிரி ஆயிற்று, பிறகு கருகியது. கடல் எங்கேயும் பொங்கி வரவில்லை. சுனாமி மாதிரி ஒரு நாளில் வந்து, ஒரு நாளில் போய், நினைவு நாள் கொண்டாட இடம் கொடுக்கவில்லை. அடியில் ஊர்ந்து வந்தது.

மேலேயிருந்து வருவதும் சரியில்லை. ஐப்பசியில் வரவேண்டிய மழை ஐப்பசி முழுக்க வானத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டு, கார்த்திகையில் ஒரே மூச்சாகக் கொட்டும். நட்ட பயிர் மூழ்கும். பிறகு தண்ணீர் வடிந்து, பயிர் தலைதூக்கி, கதிர் முற்றித் தையில் அறுவடைக்குச் சாய்ந்து நிற்கும்போது, யாரும் கூப்பிடாமல் இன்னொரு மழை வரும். நெல் வயலிலேயே முளைவிடும். அக்கா அந்த முளைத்த நெல்லை முறத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அழவில்லை. திட்டினாள். வானத்தைத் திட்டினாள், வானிலை சொல்கிறவர்களைத் திட்டினாள், கடைசியில் பக்கத்தில் நின்ற என்னைத் திட்டினாள்.

தம்பி லாரி காண்டிராக்டர் ஒருவரிடம் கணக்கு வழக்கு பார்க்கிறான். துறைமுகத்திலிருந்து நெடுஞ்சாலையில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் போர்த்திப் போகிற லாரிகள் உண்டே, அவற்றை நிறுத்த இடம் போதவில்லையாம். அக்காவின் ஆறு மாவையும் மண் கொட்டி மேடாக்கி, லாரி நிறுத்தும் இடமாக்க ஒரு ஆள் கேட்கிறாராம். வருடக் குத்தகை. ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும். மண் கொட்டிய வயல் மறுபடி வயலாகாது. அது அவனுக்கும் தெரியும்.

அக்கா யோசித்தாள். பிறகு எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

"புதுசா ஒரு போர் போடறேன். ஆழமா. நல்ல தண்ணி வந்தா ஆடியில நாத்து விடுவேன். உப்பா வந்துச்சுன்னா, நீ சொல்ற ஆளை அழைச்சிட்டு வாடா தம்பி. வாயத் தொறக்க மாட்டேன்."

"பேச்சு மாற மாட்டியே பெரியக்கா?"

"என்னைக்குடா மாறியிருக்கேன்? உன்னைப் பெத்தப்ப அம்மா பொண்ணு வேணும்னுச்சு. நாந்தான் பையன்னு பந்தயம் கட்டுனேன். அதுக்காக இன்னைக்கு வரைக்கும் உன்னை வச்சுக் காப்பாத்துறேன்."

போர் மேஸ்திரியையும் தம்பிதான் அழைத்து வந்தான். நல்ல ஆளாகவே அழைத்து வந்தான்.

துளை போடும் வண்டி வயலின் தென்மூலையில் நின்றது. பக்கத்தில் ஒரு குழி வெட்டினார்கள். வாய்க்காலில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்துக் குழியில் விட்டு, களிமண்ணும் சாணியும் கரைத்து, அந்தக் குழம்பைக் குழாய் வழியாக உள்ளே செலுத்திக்கொண்டே துளைத்தார்கள். துளையின் சுவர் இடியாமல் இருக்க அது வேண்டும். குழம்பு மேலே வரும்போது அடிமண்ணையும் கொண்டு வரும். ஒவ்வொரு குழாய் இறங்கும்போதும் மேஸ்திரி ஒரு கை மண் எடுத்து வரப்பில் விரித்த சாக்கில் வரிசையாக வைத்தார். கறுப்புக் களி. சாம்பல் மணல். மறுபடி களி, மஞ்சளாக. அதற்குக் கீழே வேறு மஞ்சள். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்தச் சாக்கின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பூமி தன் பழைய நாட்களைக் கைப்பிடி கைப்பிடியாக வெளியே வைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் சிப்பி வந்தது.

சாம்பல் நிறக் களியில் வெள்ளை வெள்ளையாக. முதலில் உடைசல். பிறகு முழுதாக ஒன்று, விசிறி மாதிரி வரிவரியாக. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னச் சுருள் சங்கு ஒன்று, முனைகூட மழுங்காமல். கழுவி உள்ளங்கையில் வைத்தேன். புத்தகத்தில் படித்ததை என் அக்காவின் வயலே துப்பித் தருகிறது!

"என்னடி அது, மண்டபத்தூர் கடக்கரையில பொறுக்குனாப்ல இருக்கு?" என்றாள் அக்கா.

"இது இன்னைக்குள்ள கடல் இல்லக்கா. முப்பது லட்சம் வருசம் இருக்கும்."

"அப்ப இங்க யாரு இருந்தா?"

"யாருமில்ல."

"யாருமில்லன்னா வரப்புத் தகராறும் இருந்திருக்காது" என்று சொல்லி, வேடிக்கை பார்த்து நின்ற எதிர்வயல்காரரை ஒரு பார்வை பார்த்தாள்.

அவர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி சாக்கருகே வந்து குனிந்தார். எழுபதைத் தாண்டியவர், ஊரில் எங்கே குழி தோண்டினாலும் ஆஜராகிவிடுவார். "சிப்பி வந்துட்டா கடல் வந்துட்டுன்னு அர்த்தம் தங்கச்சி. இதுக்கு மேல தோண்டுனா மீன்தான் வரும். சட்டிய எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"வாய வச்சுட்டீங்கல்ல, இனிமே சுறாவே வரும்" என்றார் மேஸ்திரி. "இன்னும் கொஞ்சம் எறக்கிப் பாப்போங்க."

சிப்பிக் களிக்குக் கீழே பருமணல் வந்தது, பழுப்பாக, கரகரவென்று. அங்கேதான் தண்ணீர் புகுகிற துளைக் குழாயை வைத்து நிறுத்தினார்.

தம்பி வந்தது அன்று மத்தியானம். வேலையிலிருந்து நேராக, பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பில் நடந்து வந்தான். நான்தான் ஓடிப்போய்ச் சங்கை அவன் கையில் வைத்தேன். நான்தான் பிளையோசீன் என்றேன். இன்றைக்குக் காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் அன்றைக்கும் இருந்தது, ஆனால் பூமி இன்னும் சூடு, கடல் இன்னும் உயரம், இனி வரப்போவதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவன் கைபேசியில் தட்டிப் பார்த்தான். நேரமெடுத்துப் படித்தான். பிறகு முகம் தெளிந்தது.

"அப்ப முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா சின்னக்கா! இதைவிடச் சூடா இருந்திருக்கு. இந்த எடமே கடலுதான். பூமி அதுபாட்டுக்குச் சூடாவும், அதுபாட்டுக்கு ஆறும். நாம யாரு நடுவுல?"

மகிழ்ச்சியாகச் சொன்னான். நெஞ்சில் வைத்திருந்த ஒரு பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி. அந்தச் சங்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்குப் போய், அரிசி களைந்து, உலை வைத்து, அது பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் எனக்குள் வார்த்தை கொதித்தது.

அட பாவி! அந்தச் சிப்பிக்கு அவகாசம் இருந்ததடா! கடல் ஏறியது, இறங்கியது, எல்லாம் ஆயிரம் ஆயிரம் வருடமாக. கரையோரக் காடு ஒரு விதையைக் கொஞ்சம் உள்ளே போட்டது. அந்த விதை மரமாகி இன்னொரு விதையை இன்னும் கொஞ்சம் உள்ளே போட்டது. காடு அப்படி நடந்து போயிற்று. சிப்பி தன் பிள்ளையை அடுத்த திட்டில் விட்டது. பிள்ளை அதன் பிள்ளையை அதற்கடுத்த திட்டில். யாரும் ஓடவில்லை. யாரும் வீட்டைப் பூட்டவில்லை. அக்காவின் நெல் எங்கே நடக்கும்? நெடுஞ்சாலையைத் தாண்டியா? லாரிக்கு நடுவிலா? ஒரு கோடைக்கும் அடுத்த கோடைக்கும் இடையில் அது எத்தனை அடி நகரும்?

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு யாரும் கொளுத்தவில்லை. நாம் கொளுத்துகிறோம். லாரியில் போகிற கரி எந்தக் கடல் கடந்து வந்தது, எந்தக் காட்டின் மரம், எந்த யுகத்து வெயிலைக் குடித்து நின்ற மரம் என்று யார் கேட்கிறார்கள்? மண்ணுக்குள் மூடிக் கிடந்த பழைய வெயிலை வெட்டி எடுத்துக் கொளுத்தி, இன்றைக்கு இருக்கிற வெயிலோடு சேர்க்கிறோம். சேர்த்துவிட்டு, ஐயோ முன்னாடியே இப்படித்தான் இருந்ததாம் என்கிறோம். வீட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, சூரியன்கூட நெருப்புதானே என்று சொல்கிற மாதிரி.

இதையெல்லாம் நான் சாம்பார் கரண்டியிடம் சொன்னேன். கேட்க வேண்டியவன் அங்கே இல்லை.

முதல் தண்ணீர் எடுத்தது மறுநாள். மேஸ்திரி குழாயைச் சுற்றிக் கூழாங்கல் நிரப்பிக் கொடுத்துவிட்டு, முந்தின மாலையே வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஊரில் ஆட்கள் காத்திருந்தார்கள். டீசல் எஞ்சின் அக்காவுடையது. ஓட்ட எங்களுக்கே தெரியும்.

புதுப் போரின் முதல் தண்ணீரைத் தரையில் விடுவதில்லை, எங்கள் பக்கத்து வழக்கம். பித்தளைக் குடத்தில் பிடித்து, கற்பூரம் காட்டி, வந்திருக்கிற எல்லோர் கையிலும் ஒரு மிடறு ஊற்ற வேண்டும். குடிக்காமல் யாரும் போகக் கூடாது. நல்லதைப் பங்கு போட்டுக்கொள்ள வந்த வழக்கம். கெட்டதையும் அதே வேகத்தில் ஊருக்குச் சொல்லிவிடும் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

எஞ்சின் இருமியது, பிடித்தது. குழாயில் முதலில் காற்று, பிறகு சேறு, பிறகு கலங்கலாகத் தண்ணீர். கொஞ்சம் தெளிந்ததும் அக்கா குடத்தைப் பிடித்தாள். கற்பூரம் காட்டினாள். முதல் மிடறு தனக்கு.

அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எல்லோர் கையிலும் ஊற்றிக்கொண்டே போனாள். என் கையிலும். வாய்க்குள் போனதும் நாக்கு சுருங்கியது. உப்பு.

"தங்கச்சி, மோசமில்ல" என்றார் எதிர்வயல்காரர். "மாங்கா இருந்தா கொண்டா. ஊறுகாய் போட்டுடலாம்."

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். "நேத்தே சொன்னேன்ல, சிப்பி வந்துச்சுன்னா அவ்வளவுதான்" என்று ஒரு குரல். "அடியில கடலு கெடக்கு. கடலைத் தோண்டிட்டு உப்புன்னா எப்படி?" என்று இன்னொன்று. சாக்கில் வரிசையாக இருந்த மண் குவியல்களையும் வெள்ளைச் சிப்பிகளையும் எல்லோரும் பார்த்தார்கள், போலீஸ் கண்டெடுத்த தடயத்தைப் பார்க்கிற மாதிரி.

அக்கா எஞ்சினை நிறுத்தினாள். அதன்மேல் கோணிப்பையைப் போர்த்தினாள். வாய் திறக்கவில்லை. சொன்ன சொல்.

தம்பி கெக்கலி கொட்டவில்லை. அவன் கண்கள் கலங்கியிருந்தன, உண்மையாகவே. அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டான். "மனசுல வச்சுக்காத பெரியக்கா. நீ என்ன பண்ணுவ, நான் என்ன பண்ணுவேன். இயற்கை. நாளைக்குச் சாயங்காலம் அந்த ஆளை அழைச்சிட்டு வர்றேன்."

இயற்கை. அந்த வார்த்தையை அவன் அவ்வளவு மெதுவாக, மயிலிறகால் தடவுகிற மாதிரி சொன்னான். என்னை அவன் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

மறுநாள் காலையில் எழுந்து ஒரு கேன் டீசல் வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு திட்டமும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. அதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தால் பாத்திரத்தை உடைத்திருப்பேன். வயலுக்குப் போய், கோணியை உருவி எறிந்து, எஞ்சினைச் சுற்றினேன். அது பிடிக்கவில்லை. திட்டிக்கொண்டே சுற்றினேன். பிடித்தது. குழாய் கக்கியது. கக்கு என்றேன். முப்பது லட்சம் வருடத்துக் கடல்தானே, என் தம்பிக்குச் சாட்சி சொன்ன கடல்தானே, எல்லாவற்றையும் கக்கு, நானும் பார்க்கிறேன் எவ்வளவு இருக்கிறதென்று. அந்தத் தண்ணீரை வடிகாலில் விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். ஒரு மிடறுகூட வாயில் விடவில்லை. விடப் பிடிக்கவில்லை.

வெயில் ஏறியது. நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எஞ்சின் சத்தத்தில் அவற்றின் சத்தம் கேட்கவில்லை என்பது ஒரு சிறிய திருப்தி.

மத்தியானத்துக்கு மேல் அக்கா வந்தாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு.

"யாரு வீட்டு டீசல்டி இது?"

"என் டீசல்."

"உன் டீசல்னா என் எஞ்சின்ல ஏன் ஓடுது? பைத்தியமா உனக்கு? உப்புத் தண்ணிய எறைச்சு யாருக்குக் கருமாதி பண்ணுற?"

"நிறுத்த மாட்டேன்."

"நிறுத்தாத. உக்காந்து கவிதையா எழுது இதையும். உப்புத் தண்ணியும் ஒப்பாரியும்னு."

அவளே எஞ்சினை நிறுத்தப் போனாள். மட்டமான பழைய எஞ்சின். எரிபொருள் குழாயின் மூட்டில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. நிறுத்துவதற்குப் பதில், பழக்கதோஷத்தில் அந்த மூட்டை இறுக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் கை முழங்கைவரைக்கும் கறுப்பெண்ணெய். முணுமுணுத்துக்கொண்டே எஞ்சின் கொட்டகையின் இடுக்கில் செருகியிருந்த சோப்புத் துண்டை எடுத்துக் குழாய் வாயில் கையை நீட்டினாள்.

தேய்த்தாள். நுரைத்தது.

உப்புத் தண்ணீரில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். அதில் சோப்பு நுரைக்காது. தயிர் திரிந்த மாதிரிக் கட்டிகட்டியாகக் கையில் ஒட்டும். போன கோடை முழுக்க அக்கா அப்படித்தான் குளித்தாள். இப்போது அவள் முழங்கை வரை வெள்ளையாக நுரை பொங்கிக்கொண்டு நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு, குழிந்த கையில் தண்ணீர் பிடித்து வாயில் விட்டாள். விழுங்கினாள். இன்னொரு கை பிடித்து என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

இளநீர் என்று பொய் சொல்ல மாட்டேன். லேசான இரும்பு வாடை. உப்பு இல்லை.

அக்கா வாய்க்காலுக்கு ஓடினாள். இறங்கி அந்தத் தண்ணீரில் சோப்பைத் தேய்த்தாள். கட்டி கட்டியாகத் திரிந்தது. அந்தத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாள்.

"அடியே! வாய்க்காத் தண்ணியத்தான்டி எல்லாரும் நேத்து தீர்த்தம்னு குடிச்சோம்!"

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. ஆனியில் ஆற்றில் மேலிருந்து வரத்து கிடையாது. வாய்க்காலில் நிற்பது, கடல் ஏறும் நேரங்களில் ஆற்று முகத்துவாரம் வழியாக ஏறி வந்த கடல்தண்ணீர். அதைத்தான் இறைத்துக் குழம்பு கரைத்துத் துளை போட்ட நாளெல்லாம் உள்ளே அனுப்பினோம். எஞ்சினைப் போட்டதும் முதலில் திரும்பி வந்தது அதுதான். நாங்கள் ஊற்றியதையே எங்களிடம் திருப்பிக் கொடுத்தது பூமி. அதைக் கற்பூரம் காட்டிக் குடித்துவிட்டு, முப்பது லட்சம் வருடத்துக்கு முந்தைய கடல்மேல் பழியைப் போட்டோம். சிப்பியைக் குற்றவாளியாக்கினோம். உப்பு அங்கே இல்லை. உப்பு எங்கள் வாய்க்காலில் இருந்தது. இந்த வருடத்து உப்பு, எங்கள் காலத்து உப்பு.

சாயங்காலம் தம்பி அந்த ஆளை அழைத்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை போட்ட, மரியாதையான மனிதர். வரப்பில் நின்றே கும்பிட்டார். அக்கா நாற்றங்காலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வாங்க. தண்ணி நல்லா வந்துட்டுங்க. உங்களை வீணா அலைய வச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றாள்.

தம்பி ஓடிப்போய்க் குழாயில் வாய் வைத்துக் குடித்துப் பார்த்தான். இன்னொரு முறை குடித்தான். அவன் முகத்தில் சந்தோஷமும் ஏமாற்றமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். விஷயத்தை அக்காவே சொன்னாள், சோப்பைக் காட்டி.

"சரி பெரியக்கா. இது எத்தனை வருசத்துக்கு வரும்? பழைய போர் மாதிரி இதுலயும் உப்பு ஏறாதுன்னு என்ன நிச்சயம்?"

"ஏண்டா, மனுசனுக்கு எத்தனை வருசம்னு கேட்டா இந்த ஊருல ஒருத்தனும் கல்யாணம் பண்ண மாட்டான்."

அந்த மனிதர் சிரித்துவிட்டார். "நல்லா இருங்கம்மா" என்று சொல்லி, வண்டியில் இருப்பதாகத் தம்பியிடம் சைகை காட்டிவிட்டுப் போனார். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால் மொத்தமும் தம்பிமேல் விழுந்தது.

அடுப்பங்கரையில் சொன்னதையெல்லாம் சொன்னேன். சிப்பிக்கு இருந்த அவகாசம், நடந்துபோன காடு, கொளுத்துகிற கரி எல்லாவற்றையும். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினேன். இயற்கை இயற்கை என்று இனி ஒரு தரம் சொன்னால் இந்த மண்வெட்டியாலேயே உன் வாயை மூடுவேன் என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். பையிலிருந்து சங்கை எடுத்து என் கையில் திணித்தான்.

"இந்தா, வச்சுக்க. நீ கத்துறதுல தப்பில்ல சின்னக்கா. ஆனா அந்த லாரி ஓடுனாத்தான் என் வீட்டுல அடுப்பு எரியும். ரெண்டு புள்ள படிக்குது. நான் தினம் அந்தக் கரிய எழுதி எழுதி அனுப்புறேன், எனக்குத் தெரியாதா? முன்னாடியும் இப்படித்தான்னு நெனைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது. நீ கோவம் வந்தா கவிதை எழுதிடுவ. நான் எங்க போயி எழுத?"

கோபம் குறைந்ததா என்றால், குறையவில்லை. அவன்மேல் இருந்தது அவனைவிட்டு நகர்ந்து, எங்கே நிற்பதென்று தெரியாமல், அந்த வெட்டவெளி முழுக்கப் பரவி நின்றது. அவனுக்கு அந்தப் பொய்யைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்காத ஒன்று இருக்கிறதே, அதற்கு ஒரு முகம் இருந்தால் நான் அங்கேயே அறைந்திருப்பேன்.

"சண்டைய அப்பறம் வச்சுக்குங்க" என்று அக்கா கத்தினாள். "அங்க பாருங்க, வரப்ப உடைச்சிட்டுப் போவுது! டேய், மசமசன்னு நிக்காம மடைய அடைடா!"

நாற்றங்காலின் மூலையில் வரப்பு வாய்பிளந்து, தண்ணீர் வடிகால் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவன் அவன்தான். குனிந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸை உருவி அதற்குள் திணித்தான். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, உடைப்பில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அடைத்து நின்றான். தண்ணீர் அவன் கணுக்காலில் மோதித் திரும்பி உள்ளே போயிற்று.

"பெரியக்கா, தண்ணி சுடுது."

"ஆழத்துலேருந்து வருதுல்ல, சுடத்தான் செய்யும்" என்றாள் அவள், மண்வெட்டியில் களியை வெட்டித் தூக்கியபடி. "காலை எடுக்காத. நான் மண்ணு போடற வரைக்கும் அப்படியே நில்லு."